1972 எல்டொராடோவில் ஸ்னோ ப்ளௌ (பனி தள்ளும் பிளேடு): பனியை நிஜமாகவே தள்ள வேண்டும், எப்படிப் பொருத்துவது?

நீளபானெட் கேட்கிறார்:

காடிலாக் எல்டொராடோ, 1972. 8.2 லிட்டர் வி8, முன்சக்கர இழுவை. பாடி சுமார்தான், அதனால் கண்காட்சிக்குப் போகும் தரமில்லை. ஆனால் சேஸியில் துரு இல்லை, எஞ்சினும் கியர்பாக்ஸும் நல்ல நிலையில் உள்ளன. இதன் மூக்கில் மஞ்சள் பிளேடு ஒன்றை மாட்டி, 200 மீட்டர் நீளத் தனியார் சரளைப் பாதையைக் குளிர்காலத்தில் சுத்தம் செய்யத் திட்டம். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பும் வேண்டும்தான். ஆனால் போட்டோவுக்கு நிறுத்தும் பொம்மையாக இருக்கக்கூடாது. 15 செ.மீ. பனி விழுந்தால் தள்ளிக்காட்ட வேண்டும்.

கேட்க விரும்புவது:

பிளேடின் அகலமும் எடையும் எவ்வளவு வரை போகலாம்? எங்கே மாட்டுவது, பம்பர் தாங்கிகளின் போல்ட் துளைகள் போதுமா? முன்பக்கம் தொங்கிப்போகாமல் டார்ஷன் பாரை (முறுகி ஸ்பிரிங்போல் வேலை செய்யும் தண்டை) ஏற்றினால் சரியாகிவிடுமா? தூக்கி இறக்க மின்சார ஹைட்ராலிக் பம்ப் வைத்தால் பழைய ஆல்டர்னேட்டர் தாங்குமா?

எல்டொராடோவை விட்டுவிட்டு அதே ஆண்டு காடிலாக் டிவில் அல்லது ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ஷேடோவில் செய்வது சுலபம் என்றால் அதையும் சொல்லுங்கள். மூன்றுமே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

---

இரும்புச்சட்டம்:

முதலில் வண்டித் தேர்வு. எல்டொராடோவையே வைத்துக்கொள்ளுங்கள்.

சில்வர் ஷேடோ இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. அது தனிச் சேஸி இல்லாத மோனோகாக் உடல். முன் சஸ்பென்ஷன் ஒரு துணைச்சட்டத்தில் இருக்கிறது. அந்தச் சட்டம் உடலோடு சேரும் இடத்தில் கம்பிவலை மவுண்ட் வைத்திருக்கிறார்கள், அதிர்வு உள்ளே வராமல் இருக்க. பிளேடின் தள்ளுவிசையை அந்த மவுண்ட் வழியாக உடலுக்குக் கொடுத்தால் அது நசுங்கும், சக்கரக் கோணங்கள் மாறும். இன்னொரு ஆபத்து: அந்த வண்டியில் உயர் அழுத்த ஹைட்ராலிக் ஏற்கெனவே இருக்கிறதே, அதிலிருந்து பிளேடுக்கு ஒரு குழாய் எடுக்கலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். பிரேக்கும் அதே அமைப்பில்தான் ஓடுகிறது. ஒரு ஹோஸ் வெடித்தால் பிரேக்கும் கூடவே போகும். தொடவே கூடாது.

டிவில் உறுதியான பெரிமீட்டர் ஃபிரேம் (உடலின் ஓரத்தைச் சுற்றி ஓடும் தனி இரும்புச்சட்டம்) கொண்டது. ஆனால் பின்சக்கர இழுவை. பிளேடை முன்னால் தூக்கினால் இழுக்கும் சக்கரத்திலிருந்து எடை குறைகிறது. டிக்கியில் 150 கிலோ ஏற்றாமல் அது நகராது.

எல்டொராடோவில் உங்கள் ஆண்டே நல்ல ஆண்டு. 1971 முதல் முழு ஃபிரேம். 1973 முதல் அமெரிக்க விதிப்படி முன் பம்பருக்குப் பின்னால் மோதலை உறிஞ்சும் தண்டுகள் வந்துவிட்டன. 1972இல் அந்தத் தொல்லை இல்லை.

இப்போது பம்பர் துளைகள் பற்றி. போதாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளோடும் பிளேடோடும் சேர்த்து 2,300 கிலோ வண்டி, மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் பனிக்கடியில் புதைந்த கல்லில் மோதுகிறது. அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 8.9 கிலோஜூல். 5 செ.மீ. தூரத்தில் நின்றால் சராசரி விசை 178 கிலோநியூட்டன், அதாவது 18 டன் அளவு. பம்பர் தாங்கியும் ஃபிரேமின் முன்நுனியும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. இரண்டு காரியங்கள் கட்டாயம்:

ஒன்று, பிளேடில் ட்ரிப் ஸ்பிரிங் இருக்க வேண்டும். தடையில் பட்டதும் பிளேடு முன்னோக்கி மடங்கி மேலேறிக் கடந்துவிட வேண்டும். ட்ரிப் இல்லாத தகட்டைச் சொந்தமாக வெல்டிங் செய்து மாட்டுவதுதான் இந்த மாதிரி வண்டிகள் உடையும் முதல் காரணம்.

இரண்டு, தள்ளுவிசை முன் குறுக்குச்சட்டத்துக்குப் பின்னால் வரை பரவ வேண்டும். ஒவ்வொரு பக்கமும் 10 மி.மீ. தடிமனில் ஒரு பக்கத்தகடு வெட்டுங்கள். ஃபிரேமின் முன்நுனியில் தொடங்கிக் குறுக்குச்சட்டத்தைத் தாண்டி முடியட்டும். பக்கத்துக்கு ஆறு எம்12 போல்ட், 10.9 தரம். ஃபிரேம் உள்ளே வெறுமையான பெட்டி. அதனால் போல்ட் போகும் இடமெல்லாம் உள்ளே தடித்த குழாய்த்துண்டு வைக்க வேண்டும். அது இல்லாமல் முறுக்கினால் பெட்டி அமுங்கும், போல்ட் ஒருபோதும் இறுக்கமாக நிற்காது. இரு தகடுகளையும் 75×75×6 மி.மீ. சதுரக்குழாய் ஒன்றால் இணையுங்கள். பிளேடின் சட்டத்தை மாட்ட, 25 மி.மீ. ஆணி நுழையும் துளைத்தகடுகள், அதாவது காதுகள், அதில் இருக்கட்டும்.

ஃபிரேமில் குறுக்காக வெல்டிங் வேண்டாம். சூடுபட்ட விளிம்பில்தான் பிறகு விரிசல் தொடங்கும்.

காதின் உயரம் தரையிலிருந்து 25 முதல் 28 செ.மீ. பிளேடு தரையில் இருக்கும்போது ஏ-ஃபிரேம் (பிளேடைக் காதுகளோடு இணைக்கும் ஏ வடிவச் சட்டம்) தரைக்கு ஏறக்குறைய இணையாக இருக்க வேண்டும். காது அதிக உயரத்தில் இருந்தால் ஏ-ஃபிரேம் சரிந்து நிற்கும், தள்ளும்போது பிளேடு தரையைக் குத்தும், ட்ரிப் தேவையில்லாமல் மடங்கிக்கொண்டே இருக்கும். தாழ்ந்த காருக்கு இந்த விஷயத்தில் லாரியைவிட வசதி அதிகம். ஆனால் பிளேடைக் கழற்றிய பிறகும் அந்தக் குறுக்குக்குழாய் கீழே தொங்கும் என்பதை மறக்காதீர்கள்.

துளை போடுமுன் ஜாக்கில் ஏற்றி, சக்கரத்தை முழுதாகத் தொங்கவிட்டும் முழுதாக மேலே ஏற்றியும், ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பியும் பாருங்கள். டிரைவ் ஷாஃப்ட், ஸ்டியரிங் கம்பி, கியர்பாக்ஸ் ஆயில் குழாய் மூன்றும் தட்டக்கூடாது.

---

டார்ஷன்பார்:

அகலமும் எடையும் நான் சொல்கிறேன்.

உங்கள் முன் டயர்களின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு சுமார் 1.85 மீ. 7 அடி பிளேடு என்றால் 2.13 மீ. 30 டிகிரி திருப்பினால் அது சுத்தம் செய்யும் அகலம் 1.85 மீ. ஆகக் குறைகிறது. அதாவது டயர் விளிம்புக்குச் சரியாக நிற்கும், மிச்சம் எதுவும் இல்லை. வளைவில் பின்டயர் உள்பக்கமாக வெட்டும், ஒதுக்கிய பனி மேல் ஏறிவிடும். திருப்பும் கோணத்தை 25 டிகிரியில் நிறுத்தும்படி தடுப்பு வைத்தால் 1.93 மீ. கிடைக்கும். 7.5 அடி பிளேடு 30 டிகிரியிலும் 1.98 மீ. தரும், ஆனால் எடை கூடும். உங்கள் வண்டிக்கு 7 அடியும் 25 டிகிரியும் போதும்.

எடைக்கு மேல் வரம்பு 180 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். லாரிக்கான முழு அளவு இரும்பு பிளேடு 300 கிலோவைத் தொடும், அது வேண்டாம். அலுமினியம் அல்லது பாலிஎதிலீன் முகம் கொண்ட இலகு ரகம் பாருங்கள்.

ஏன் 180? வீல்பேஸ் 3.2 மீ. பிளேடின் எடைமையம் முன் ஆக்ஸிலுக்கு 1.5 மீ. முன்னால் வரும், ஏனென்றால் இந்த வண்டிக்கு மூக்கு நீளம். தூக்கிப் பிடிக்கும்போது முன் ஆக்ஸிலில் ஏறுவது 180 அல்ல, 264 கிலோ. பின் ஆக்ஸிலில் 84 கிலோ குறையும். ஏற்கெனவே முன்னால் ஏறக்குறைய 1,270 கிலோ உட்கார்ந்திருக்கிறது. 300 கிலோ பிளேடு போட்டிருந்தால் முன்னால் 440 கூடியிருக்கும்.

ஈடுகட்ட டிக்கியில், பின் ஆக்ஸிலுக்கு 1 மீ. பின்னால், 100 கிலோ மணல்மூட்டை வைத்தால் பின்னால் 131 ஏறும், முன்னால் 31 குறையும். மூட்டைகளைப் பெல்ட் போட்டுக் கட்டுங்கள். திடீரென நிற்கும்போது டிக்கிக்கும் பின்சீட்டுக்கும் நடுவே தடையாக இருப்பது மெல்லிய அட்டையும் சீட்டின் ஸ்பிரிங்கும்தான்.

டார்ஷன் பாரை ஏற்றுவது பற்றிப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். சரிசெய்யும் போல்ட்டை முறுக்கினால் உயரம்தான் மாறும், விறைப்பு மாறாது. 264 கிலோ ஏறினால் எவ்வளவு இறங்குமோ, அவ்வளவு இறங்கவே செய்யும். அதோடு பிளேடு இல்லாத நாளில் முன்பக்கம் தூக்கி நிற்கும். சிவி ஜாயின்ட் (டிரைவ் ஷாஃப்ட்டின் வளையும் மூட்டு) அதிகக் கோணத்தில் ஓடும், ரப்பர் உறை மடிப்பில் கிழியும், கிரீஸ் வெளியேறி உப்புத்தண்ணீர் உள்ளே போகும். 20 முதல் 25 மி.மீ. வரை ஏற்றலாம். அதற்குமேல் தேவைப்பட்டால் தடித்த பார் செய்யச் சொல்லுங்கள். விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும். விட்டத்தை 5 சதவீதம் கூட்டினாலே விறைப்பு 21 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். எதை மாற்றினாலும் வீல் அலைன்மென்ட் மறுபடி பார்க்க வேண்டும்.

பின்னால் தானியங்கி லெவல் கன்ட்ரோல் (எடைக்கேற்ப உயரத்தைச் சரிசெய்யும் அமைப்பு) இருந்தால் அதன் இணைப்புக் கம்பியைக் குளிர்காலத்துக்குக் கழற்றிவிடுங்கள். பிளேடு ஏறுவதும் இறங்குவதும் அதற்குப் புரியாது, காற்றை விட்டும் நிரப்பியும் கம்ப்ரஸரைக் களைக்க வைக்கும்.

---

பல்சக்கரம்:

டார்ஷன்பார் சொன்ன எடைக்கணக்கு பிளேடைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது பொருந்தும். தள்ளும்போது வேறு கணக்கு. அப்போது பிளேடு மிதவை நிலையில் தரையில் சறுக்கிக்கொண்டு போகிறது, அதன் எடை பெரும்பகுதி தரைக்குப் போய்விடுகிறது. முன் ஆக்ஸிலில் எஞ்சுவது வண்டியில் பொருத்திய சட்டத்தின் 50, 60 கிலோதான்.

அதனால் இழுவைக்குக் கிடைப்பது சுமார் 1,330 கிலோ. இறுகிய பனியில் டயரின் பிடிப்பு 0.2 என்று வைத்தால் தள்ளுவிசை 266 கிலோ. டிக்கியில் 100 கிலோ வைத்தால் முன்னால் 31 கிலோ குறைந்து, தள்ளுவிசை 260க்கு வரும். பெரிய இழப்பில்லை, ஆனால் லாபமும் இல்லை. பின்சக்கர வண்டிக்குச் சொல்லும் "டிக்கியை நிரப்பு" யோசனையை முன்சக்கர வண்டிக்கு அப்படியே எடுக்கக்கூடாது. பிளேடைத் தூக்கும்போது இழந்த 84 கிலோவை மீட்க 64 கிலோ போதும். அந்த 64க்கு மேல் வேண்டாம் என்பதே என் கருத்து.

பிடிப்பைக் கூட்ட வழி டயர்தான். 235/75ஆர்15 அளவில் குளிர்கால டயர், முன்னால் பின்னால் நான்குமே. முன்னால் மட்டும் போட்டால் இறக்கத்தில் பின்பக்கம் சுழலும். சங்கிலி போடுவதானால் முன்சக்கரத்தில், மெல்லிய ரகம். ஸ்டியரிங் முழுத் திருப்பத்தில் சங்கிலிக்கும் சஸ்பென்ஷனின் மேல் கைக்கும் இடைவெளி இருக்கிறதா என்று சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

பனியின் பக்கத்தையும் பாருங்கள். 2.1 மீ. அகலம், 15 செ.மீ. ஆழம், 10 மீ. தூரம் என்றால் 3.15 கன மீட்டர். புதுப் பனி கன மீட்டருக்கு 100 கிலோ என்றால் 315 கிலோ. ஈரமாகிப் படிந்த பனி 300 கிலோ என்றால் அதே பத்து மீட்டரில் 945 கிலோ. அதை நேராகத் தள்ளிக்கொண்டே போனால் வண்டி நின்றுவிடும். கோணம் வைத்தால் பனி ஓரமாக உருண்டு வழியும், முன்னால் சேராது. 200 மீ. பாதையில் கோணம் இல்லாத பிளேடு வீண். விழுந்து முடியும்வரை காத்திருக்காமல் 7, 8 செ.மீ. ஆனதும் ஒருமுறை ஓட்டிவிடுவது இன்னும் நல்லது.

எஞ்சினைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். 1972இல் அதன் நிகரக் குதிரைத்திறன் 235. அதில் பாதிகூட இந்த வேலைக்குத் தேவையில்லை. கியர்பாக்ஸும் பலவீனமானதல்ல: டர்போ ஹைட்ராமேட்டிக் 425. ஜிஎம்சி மோட்டார்ஹோம் 1973 முதல் 1978 வரை இதே கியர்பாக்ஸில் 5 டன் அளவு எடையை ஓட்டியது. ஆனால் கன்வெர்ட்டரிலிருந்து (எஞ்சின் விசையை எண்ணெய் வழியாகக் கடத்தும் பகுதி) கியருக்கு விசை போவது 5 செ.மீ. அகல ஹைவோ ரகச் சங்கிலி வழியாக. முன்னால் உருண்டுகொண்டிருக்கும்போதே ரிவர்ஸ் போட்டால் அந்த அதிர்ச்சி முழுக்கச் சங்கிலியும் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் பிடிப்புப் பட்டைகளும் வாங்கும். முழுதாக நில்லுங்கள், கியர் மாற்றுங்கள், கடித்ததை உணர்ந்த பிறகு ஆக்ஸிலரேட்டர். பிளேடு வண்டிகளில் கியர்பாக்ஸைக் கொல்வது பனியின் எடையல்ல, அவசர ரிவர்ஸ்தான்.

தனி ஆயில் கூலர் ஒன்று, வெப்பமானி ஒன்று போடுங்கள். 120 டிகிரி செல்சியஸைத் தொட்டால் நியூட்ரலில் நிறுத்தி ஆறவிடுங்கள்.

---

ஆறுவோல்ட்:

மின்சாரமும் ஹைட்ராலிக்கும்.

பம்ப் மோட்டார் தூக்கும் கணத்தில் 200 ஆம்பியர் வரை இழுக்கும், ஆனால் இரண்டு மூன்று விநாடிதான். அந்தக் கணத்தைத் தாங்குவது பேட்டரி, ஆல்டர்னேட்டர் அல்ல. ஆல்டர்னேட்டரின் வேலை இடையில் மீண்டும் நிரப்புவது. பனி தள்ளும்போது எஞ்சின் பெரும்பாலும் ஐடிலில் இருக்கும், ஹீட்டர், வைப்பர், விளக்கு எல்லாம் ஓடும், பழைய டெல்கோ 60 ஆம்பியர் அளவு அலகு ஐடிலில் அதில் பாதியும் தராது. பின்னாளில் வந்த டெல்கோ 12எஸ்ஐ ஆல்டர்னேட்டர், 94 ஆம்பியர், பிராக்கெட்டில் பெரிய மாற்றமில்லாமல் உட்காரும். உங்கள் வண்டியில் வெளி ரெகுலேட்டர் (வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் அலகு) இருந்தால் வயரிங்கை உள் ரெகுலேட்டருக்கு மாற்ற வேண்டும். அத்துடன் 800 குளிர்த்தொடக்க ஆம்பியருக்கு (கடுங்குளிரில் எஞ்சினைக் கிளப்பத் தரும் மின்னோட்டம்) குறையாத பேட்டரி.

பேட்டரியிலிருந்து பம்புக்கு 35 சதுர மி.மீ. செம்புக் கம்பி. எர்த்துக்கும் அதே தடிமன், நேராகப் பேட்டரி நெகட்டிவுக்கு. பலர் எர்த்தை ஃபென்டரில் முறுக்கிவிட்டு "பம்ப் மெதுவாகத் தூக்குகிறது" என்று எண்ணெயை மாற்றிக்கொண்டிருப்பார்கள். மோட்டார் ஓடும்போது அதன் முனைகளில் வோல்ட் அளந்து பாருங்கள், 10க்குக் கீழே இருந்தால் குறை கம்பியிலும் இணைப்பிலும்தான். பேட்டரி அருகிலேயே 250 ஆம்பியர் ஃப்யூஸ் வையுங்கள். கம்பி பம்பரின் கூர்விளிம்பில் உரசினால் வண்டியே எரியும்.

செகண்ட் ஹேண்டில் மேயர் நிறுவனத்தின் இ-47 பிளேடு பம்ப் கிடைத்தால் தாராளமாக எடுக்கலாம். சரிபார்ப்பது எளிது. வால்வுகளை இயக்கும் மூன்று மின்காந்தக் காயில்களில், கறுப்பு வயர் போகும் ஏ காயில் இறக்கும், சிவப்பு பி காயில் தூக்கும், பச்சை சி காயில் ஒருபக்கக் கோணம். இறக்க மோட்டார் ஓடத் தேவையில்லை. தூக்குகிறது, இறங்கவில்லை என்றால் குறை ஏ காயிலில். மோட்டார் ஓடுகிறது, தூக்காமல் பிளேடு திரும்புகிறது என்றால் பி காயிலில். திருப்புளியைக் காயிலின் நட்டில் வைத்தால் காந்தம் இழுக்க வேண்டும், இழுக்கவில்லை என்றால் மின்சாரம் வரவில்லை அல்லது காயில் செத்துவிட்டது.

எண்ணெய் பம்ப் தயாரிப்பாளர் சொல்லும் குளிர்கால ரகமாக இருக்கட்டும். சாதாரண ஹைட்ராலிக் எண்ணெய் கடுங்குளிரில் கூழாகும். வருடம் ஒருமுறை முழுதாக மாற்றுங்கள். உள்ளே ஈரம் சேர்ந்தால் வடிகட்டி வலையில் ஐஸ் பிடிக்கும். கொட்டகையில் நன்றாக வேலை செய்யும் பம்ப் வெளியே போய் அரைமணியில் நின்றுவிடுகிறது என்றால் காரணம் இதுதான்.

கோணம் திருப்பும் இரு சிலிண்டர்களுக்கும் நடுவே கிராஸ்ஓவர் ரிலீஃப் வால்வு இருக்க வேண்டும். பிளேடின் ஒரு முனை மட்டும் தடையில் மாட்டும்போது ட்ரிப் ஸ்பிரிங் மடங்காது. அப்போது எண்ணெய் மறுபக்கம் போக வழியில்லை என்றால் சிலிண்டர் தண்டு வளையும்.

---

குரோம்கிரில்:

யாரும் இன்னும் கிரில்லைப் பற்றிச் சொல்லவில்லை. எல்டொராடோவின் கிரில் வார்ப்பு உலோகம், குளிரில் தட்டினால் நொறுங்கும். பிளேடை முழுதாகத் தூக்கி, இரு பக்கமும் முழுக் கோணத்தில் வைத்து, எந்த இடத்திலும் பம்பரிலிருந்து 10 செ.மீ. இடைவெளி இருக்கிறதா பாருங்கள். ஏ-ஃபிரேமை நீட்டினால் இடைவெளி கூடும், எடை இன்னும் முன்னால் போகும். அதனால் 10க்கு மேல் பேராசை வேண்டாம். தூக்கும் தூணைக் கழற்றக்கூடியதாகச் செய்யுங்கள், கிரில்லுக்கு முன்னால் நிரந்தரமாக ஒரு இரும்புக்கால் நின்றால் அந்த முகத்தின் அழகே போயிற்று. பிளேடின் மேல்விளிம்பில் ரப்பர் பட்டை ஒன்று வையுங்கள், தூள்பனி கண்ணாடிக்கு வராது.

பிளேடைத் தூக்கி வைத்தே ரோட்டில் ஓட்டினால் ரேடியேட்டருக்குக் காற்று வராது. முழுக்கோணத்தில் திருப்பி, தேவையான அளவுக்கு மட்டும் தூக்கி, வேகத்தை 50க்குள் வைத்தால் வெப்பம் ஏறாது. ஹெட்லைட்டையும் பிளேடு மறைக்கும், மேலே தனி விளக்கு வேண்டும். பொதுச்சாலைக்குப் போவதானால் அகலம், விளக்கு விதிகளை உங்கள் இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சொகுசு வண்டியைப் பனிக்கு மாற்றுவது ஒன்றும் புதிதல்ல. அடால்ஃப் கெக்ரெஸ் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலசின் கார்களுக்கு ரப்பர் பட்டைச்சக்கரம் பொருத்தினார். அதே முறையில் பின்னால் பட்டையும் முன்னால் பனிச்சறுக்குப் பலகையும் மாட்டிய லெனினின் ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கோஸ்ட், கோர்க்கி லெனின்ஸ்கியே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்குத் தனிச் சேஸி இருந்தது. மேலே இரும்புச்சட்டம் ஷேடோவை வேண்டாம் என்றதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு.

---

நீளபானெட்:

எல்லோருக்கும் நன்றி. எல்டொராடோ, 7 அடி, 25 டிகிரி, டிக்கியில் 64 கிலோ என்று முடிவு. இரண்டு சந்தேகம் மிச்சம். பாதை சரளை, பிளேடு கல்லை வாரிக்கொண்டு போகாதா? உப்பு போடும் மெயின் ரோட்டை ஒவ்வொரு முறையும் 300 மீ. கடக்க வேண்டும், அடிப்பாகத்துக்கு என்ன செய்வது?

---

இரும்புச்சட்டம்:

சரளைக்குப் பிளேடின் அடிப்பாதங்களை (பிளேடைத் தாங்கித் தரையில் சறுக்கும் கால்களை) இறக்கி, வெட்டும் விளிம்பு தரையிலிருந்து 20 மி.மீ. உயரத்தில் நிற்கும்படி வையுங்கள். முதல் இரண்டு பனிப்பொழிவில் தரை இறுகவில்லை என்றால் 25. மிஞ்சும் மெல்லிய பனி டயரில் மிதிபட்டு உறைந்து, சரளைக்கு மேல் கெட்டிப் படலமாகும். அதன் பிறகு 10, 12க்கு இறக்கலாம். வசந்தம் வந்து தரை இளகும்போது மறுபடி ஏற்றுங்கள். பாதையோரம் கம்பு நட்டு வைத்தால் புல்தரையை உரிக்காமல் தப்பிக்கலாம், தரை உறைவதற்கு முன்பே நட வேண்டும்.

---

குரோம்கிரில்:

உப்புக்கு: குளிர்காலத்துக்கு முன், காய்ந்த வண்டியில், லானோலின் கலந்த துருத்தடுப்பு எண்ணெயை ஃபிரேம் பெட்டிக்குள்ளும், கதவுக்கடியிலும், புதிதாகப் போட்ட பக்கத்தகட்டுக்கும் ஃபிரேமுக்கும் நடுவிலும் அடியுங்கள். அந்த நடுவிடம்தான் முக்கியம், இரண்டு இரும்புகளுக்கிடையே நுழைந்த உப்புநீர் வெளியே வராது. கெட்டியான கறுப்புத் தார்ப்பூச்சு வேண்டாம், அது விரிசல் விட்டால் உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கதவிலும் கதவுக்கடிச் சட்டத்திலும் உள்ள வடிகால் துளைகளைப் பூச்சால் அடைத்துவிடாதீர்கள்.

கழுவுவது உறைநிலைக்கு மேலே இருக்கும் நாளில். கால்சியம், மெக்னீசியம் குளோரைடு தெளிக்கும் சாலை என்றால் வண்டி காய்ந்ததுபோல் தெரிந்தாலும் அந்த உப்பு காற்றிலிருந்து ஈரம் இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் சூடான கராஜில் நனைந்தபடி நிறுத்துவது வெளியே குளிரில் நிறுத்துவதைவிட மோசம். குரோமுக்கு வாரம் ஒருமுறை மெழுகு. பக்கத்தகட்டு போல்ட்களை முதல் முறை தள்ளி முடித்ததும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள், பிறகு மாதம் ஒருமுறை.